என்மேல் புகார் எழுதிய பூங்கோதை

கல்லூரி முதல்வர் தேவ்தர் அந்தக் கடிதத்தை மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கையெழுத்து இருந்த அடிப்பகுதியை மட்டும் பின்னால் மடித்து, மடிப்பின்மேல் கண்ணாடி பேப்பர் வெயிட்டை ஏற்றியிருந்தார்.

"யார் எழுதியதுன்னு பாக்க வேண்டாம் மேடம். என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிங்க" என்றார். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலமும் இந்தியும் கலந்துதான் நடக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

வெளியே ஆகஸ்ட் மழை. புனேயில் அந்த மாதத்து மழை கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். அறையில் ஈரக் கோப்புகளின் வாடை. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன். அது என் புடவையை மெல்ல நனைத்துக்கொண்டிருந்தது.

கோடு போட்ட தாளில், உருண்டை உருண்டையான ஆங்கில எழுத்தில், இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் நடுவில் ஒரு அட்டவணை. தேதி, அன்று நடத்தவேண்டிய பாடம், பாடம் நடந்த நிமிடங்கள், வேறு பேச்சு நடந்த நிமிடங்கள் என்று நான்கு கட்டம். மேலே தலைப்பு. கீழே, 'ஆதாரம்: சொந்தக் குறிப்பு'.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு முதலில் வந்தது ஒரு சின்னப் பெருமை. அட்டவணைக்குக் கீழே ஆதாரம் எழுத மறக்காதீர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் தொண்டை வறளக் கத்துவேன். யாரும் எழுதமாட்டார்கள். இந்தப் பிள்ளை எழுதியிருந்தது.

அப்புறம்தான் கடைசிக் கட்டத்தில் இருந்த நிமிடங்களைப் பார்த்தேன். ஒரு நாள் பதினைந்து, மறுநாள் இருபத்தைந்து, ஒரு வியாழக்கிழமை வகுப்பு முழுவதும். அந்தப் 'பேச்சு' என்னுடையது. புகார் என்மேல்.

போபோடித் தமிழ்

'இந்தத் தொடரில் உங்களுக்குக் கற்பித்தவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், உங்கள் மாணவர்களைப் பற்றி எழுதமாட்டீர்களா' என்று திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதத்தான் போகிறேன். அதற்கு முன், நான் புனேக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவரின் வேலை மாற்றலோடு பொள்ளாச்சியிலிருந்து வந்தோம். ஔந்தில் இரண்டாவது மாடியில் வீடு. கையில் புள்ளியியல் பட்டம் இருந்தது. கட்கிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்த இடம் கிடைத்தது. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஒரு தற்காலிக நியமனக் கடிதம் தருவார்கள். ஆறு ஆண்டுகள் அப்படியே ஓடின. பிறகுதான் தகுதிகாண் பருவத்தில் எடுத்தார்கள். அது முடிந்தால் நிரந்தரம். நான் சொல்லும் இந்தக் கதை, அந்தப் பருவத்தின் கடைசி ஆண்டில் நடந்தது.

கல்லூரிக்குப் போகும் வழியில் போபோடி. குறுகலான சந்துகள், சின்னச் சின்னக் கடைகள். வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் ராணுவக் குடியிருப்பிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக அங்கே இருந்தன. முருங்கைக்காய் வாங்க அங்கேதான் இறங்குவேன். அவர்கள் பேசும் தமிழ் எனக்கு வேடிக்கையாக இருக்கும். "ரெண்டு நாள் சுட்டி" என்பார்கள். எங்கள் ஊரில் சுட்டி என்றால் குறும்புக்காரக் குழந்தை. போபோடியில் சுட்டி என்றால் விடுமுறை.

அந்தச் சந்துகளில் ஒன்றிலிருந்து வந்தவள் பூங்கோதை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து எல்லா ஆசிரியர்களும் அவளை 'புங்கோதாய்' என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் நான் சரியாகக் கூப்பிட்டதும் இரண்டாவது பெஞ்சிலிருந்து சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பு முடிந்ததும் வந்தாள்.

"மேடம், நீங்க கரெக்டா சொன்னீங்க. எங்க வீட்லதான் அப்படி கூப்பிடுவாங்க."

"படிப்பியா தமிழ்?"

"பஸ் போர்டு மட்டும் படிப்பேன் மேடம். அதுவும் ஊருக்குப் போனாதான்." ஊர் என்று அவள் சொன்னது ஆரணிப் பக்கம் ஒரு கிராமம். மூன்றே முறை போயிருக்கிறாளாம்.

அன்றிலிருந்து, அந்த வகுப்பில் எனக்கு ஒரு சொந்தக்காரப் பெண் இருப்பதுபோல ஒரு நினைப்பு. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

நான் பேசியது

நாடு அணுகுண்டு சோதித்த ஆண்டு அது. கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோதும் அந்த உற்சாகம் அடங்கவில்லை. ஆசிரியர் அறையில் பேடா கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. "ஏன், சர்க்கரையா?" என்று ஒருவர் கேட்டார். குண்டுக்கு நான் பேடா சாப்பிடமாட்டேன் என்றேன். அதன்பிறகு என் பக்கத்து நாற்காலி பல நாள் காலியாகவே இருந்தது.

பெரியவர்களிடம் பேச முடியாததை நான் வகுப்பில் பேச ஆரம்பித்தேன். சராசரி நடத்தும்போது நடுவில் குண்டு வரும். திட்டவிலக்கம் நடத்தப் போனால் ஜப்பானில் வெந்துபோன ஊர்கள் வரும். உருக்கமாகப் பேசுவேன். எனக்குப் பேச்சு வரும். பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டினால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிட்டது. "குண்டு செய்யற கைய எத்தனை சோப்புப் போட்டுக் கழுவுனாலும் ரத்த வாடை போகாது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பு நிசப்தமாக இருந்தது. என் பேச்சின் பலம் என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன்.

முதல்வர் அறையில் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். அங்கே இருந்தது.

'என் அப்பா இருபது வருடங்களாக வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் உட்காருவார். மேடம் சொன்னதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. அது பாடமாக இருந்தால் கேள்வி கேட்டிருப்பேன். பாடம் இல்லாத ஒன்றில் எங்கே கேள்வி கேட்பது? மேடத்தின் கருத்து தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னும் நான்கு பாடங்கள் மீதி இருக்கின்றன. நாங்கள் டியூஷனுக்குப் போக வசதி உள்ளவர்கள் இல்லை.'

பேப்பர் வெயிட் எதை மறைத்திருந்தாலும், எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அந்த வகுப்பில் தொழிற்சாலைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் அட்டவணையின் மேற்கோட்டை இரட்டைக் கோடாகப் போடுகிறவள் ஒருத்திதான்.

"ஒரு வாரத்துல எழுத்துமூலமா பதில் குடுங்க" என்றார் முதல்வர். "மேடம், இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"ஆகாது சார்."

அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. உண்மையில் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது. நம்ம ஊர்ப் பெண்ணே இப்படிச் செய்துவிட்டாளே என்ற கோபம். மூன்று முறை மட்டுமே ஊருக்குப் போனவளை 'நம்ம ஊர்ப் பெண்' என்று எந்த உரிமையில் நினைத்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

மூன்று பக்கப் பதில்

அன்று மாலையே உட்கார்ந்து பதில் எழுதினேன். ஆசிரியரின் கருத்துரிமை, சிந்தனைச் சுதந்திரம், வகுப்பறை என்பது உலகத்தின் சாளரம் என்றெல்லாம் மூன்று பக்கம். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

கணவரிடம் கொடுத்தேன். அவர் இயந்திரங்களோடு வேலை பார்க்கிறவர். நிதானமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல ஊரு ஒலகமெல்லாம் இருக்குது. பாடத்தத்தான் காணோம்" என்றார்.

"என்னங்க, நான் பேசுனது தப்புங்கறீங்களா?"

"குண்டப் பத்தி நீ சொல்றது சரிதான். எனக்கும் அப்படித்தான். ஆனா எனக்குப் புடிக்கலீன்னா எந்திரிச்சுப் போயிருவேன். அந்தப் புள்ளைக எங்க போகும்? நீ அட்டெண்டன்ஸ் எடுக்கறவ."

அன்றிரவு சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று அவர் சொல்லவில்லை. அதிகமாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு ஆறு வரி எழுதினேன். புகாரில் உள்ள நிமிடக் கணக்கு சரியானது. பாட நேரத்தைப் பாடத்துக்கு வெளியே செலவழித்தேன். ஒரு குறிப்பிட்ட வேலை செய்கிறவர்களைப் புண்படுத்தும்படி பேசினேன். இரண்டுக்கும் வருந்துகிறேன். சனிக்கிழமை காலைகளில் கூடுதல் வகுப்பு எடுத்துப் பாடத்தை முடிப்பேன்.

வகுப்பிலும் சொன்னேன். யாரையும் பார்க்காமல், கரும்பலகைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "குண்டு பற்றிய என் கருத்து மாறவில்லை. அது என்னுடையது. ஆனால் இந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. அதைத் திருப்பித் தருகிறேன். கைகளைப் பற்றி ஒன்று சொன்னேன். அது சொல்லக்கூடாதது."

அடுத்த வாரம் ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். குண்டு பற்றித்தான். என் பெயரும் ஔந்த் முகவரியும் போட்டேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. அது வெளியானது. நாலு பேர் எதிர்த்து எழுதினார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இடம் இருந்தது, எனக்கும் இருந்தது. பேசவேண்டிய இடத்தில் பேசுவது எத்தனை சுகம் என்று அப்போது தெரிந்தது.

விடைத்தாள் கட்டு

செப்டம்பரில் வகுப்புத் தேர்வு. கட்டைப் பிரித்தால் நான்காவது தாள் பூங்கோதையுடையது. சிவப்புப் பேனாவை எடுத்தேன், வைத்தேன். கணக்கு ஒன்றில் கடைசி வரியில் ஒரு சின்னத் தவறு. மற்றவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன். இவளுக்குக் குறைத்தால் பழிவாங்குகிறேனோ என்று இருந்தது. குறைக்காவிட்டால் நல்லவளாகக் காட்டிக்கொள்கிறேனோ என்று இருந்தது.

எங்கள் துறையில் இன்னொருவர் நஸ்ரீன். அதே பாடத்தை அடுத்த பிரிவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பூங்கோதையின் தாளை மட்டும் கொடுத்தால் புகார் எழுதியவள் யாரென்று வெளியே தெரிந்துவிடும்.

"நஸ்ரீன், இந்தத் தடவை கட்டை மாத்திக்கலாமா? உங்க பிள்ளைங்களோடத நான் திருத்தறேன்."

அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தன் கட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "என் பிள்ளைங்க கையெழுத்து மோசம். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார். அந்த ஆண்டு முழுவதும் கட்டு மாற்றிக்கொண்டோம். இன்றுவரை அவர் காரணம் கேட்டதில்லை. நஸ்ரீனுக்கு இந்தப் பத்தியில் ஒரு நன்றி.

எதில் சதவீதம்?

சனிக்கிழமை வகுப்புகளில் பாடம் வேகமாக நகர்ந்தது. ஜனவரி வாக்கில் நான்காவது அலகுக்கு வந்தோம். எண்களைத் தவறாகப் பயன்படுத்துவது எப்படியெல்லாம் நடக்கும் என்பது அந்த அலகின் ஒரு பகுதி. ஆளுக்கொரு விளம்பரம் கொண்டுவாருங்கள் என்றேன். பற்பசை, டானிக், கூந்தல் எண்ணெய் என்று வந்தன. பூங்கோதை எங்கள் கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டைக் கொண்டுவந்திருந்தாள். முன்னட்டையில் பெரிய எழுத்தில் தேர்ச்சிச் சதவீதம்.

"மேடம், இது எதுல சதவீதம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நல்ல கேள்வி. சதவீதத்தில் மேலே போடும் எண்ணை எல்லாரும் பார்ப்பார்கள், கீழே போடும் எண்ணை யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் கல்லூரியில் நடந்தது இதுதான். தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை இறுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்க விடமாட்டார்கள். தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் அந்த அட்டை எண். பூங்கோதையின் தோழி ஒருத்தி அப்படி வெளியே போனவள்.

எனக்குப் பயமாக இருந்தது. பற்பசையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. ஆனால் இது பாடம். முழுக்க முழுக்கப் பாடம். பாடத்தில் வந்த கேள்வியை என் வசதிக்காக ஒதுக்கினால், பாடம் இல்லாததைப் பேசியதைவிட அது பெரிய தவறு.

"எண்ணிப் பாருங்க" என்றேன்.

துறையில் இருந்த பழைய வருகைப் பதிவேடுகளை வைத்து எண்ணினார்கள். முதலாண்டில் சேர்ந்தவர்களை அடியில் போட்டால் சதவீதம் எங்கோ கீழே போனது. துறைக் கண்காட்சியில் வரைபடமாக வைத்தார்கள். அருகருகே இரண்டு பட்டைகள், அட்டையில் இருந்த எண்ணுக்கு உயரம், எண்ணி வந்ததற்குக் குட்டை. காலையில் வைத்தது. மத்தியானம் நிர்வாகச் செயலாளர் வந்து பார்த்தார். மூன்று மணிக்கு அந்த இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் இருந்தன.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மாணவர்களைத் தூண்டி நிறுவனத்தை இழிவுபடுத்தினேன், வகுப்பில் அரசியல் பேசுவதாக ஏற்கெனவே என்மேல் புகார் உண்டு, விசாரணை முடியும்வரை நிரந்தர நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது.

முதல்வர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு. சண்டையென்றாலே ஒதுங்கிப் போகிறவர்.

"பிள்ளைங்களே செஞ்சது, எனக்குத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. முடிஞ்சுடும்."

"எனக்குத் தெரியும் சார். நான்தான் எண்ணச் சொன்னேன். தெரியாதுன்னு எழுதுனா விசாரணை பிள்ளைங்க மேல போகும்."

அவர் தேநீரை ஊதினார். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். ஆனா நான் கேட்டுத்தான் ஆகணும்" என்றார்.

அது வேறு, இது வேறு

விசாரணைக் குழுவில் மூன்று பேர். செயலாளர், முதல்வர், வெளியிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகளுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். புடவை ஒட்டிக்கொண்டது.

புகார் எழுதியவரைக் கூப்பிடச் சொன்னார் செயலாளர். முதல்வர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை நாள் மறைத்து வைத்த பெயரைச் சபையில் கூப்பிட்டார்கள். 'புங்கோதாய்' என்றுதான்.

அவள் அப்பாவோடு வந்தாள். ஏழுமலை என்று பெயர். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். கதவருகிலேயே நின்றுகொண்டார். என்னை அவள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

"இது நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"அப்போ மேடம் வகுப்பில் அரசியல் பேசினது உண்மை."

"உண்மை சார்."

"அதே மாதிரி இந்தச் சார்ட்டையும் உங்களை வச்சுப் போட வச்சாங்க. இல்லையா?"

"இல்லை சார்." ஆங்கிலத்தை விட்டுவிட்டு இந்திக்கு மாறினாள். "அது வேற சார், இது வேற."

"என்ன வேற?"

"அது பாடத்துல இல்ல. இது பாடத்துல இருக்கு. நாலாவது யூனிட்." பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். "அதைப் பத்தி நான் புகார் குடுத்தேன். மேடம் தப்புன்னு ஒத்துக்கிட்டு சனிக்கிழமை வந்து பாடத்தை முடிச்சாங்க. இதைப் பத்தி நான் புகாரே குடுக்கலை. கையேட்டைக் கொண்டுவந்தது நான். கேள்வி கேட்டது நான். என் லெட்டரை எதுக்கு இதோட சேக்கறீங்க?"

செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கறிஞர் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. பிள்ளைங்க போட்ட கணக்கு சரியா?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. கண்காட்சி முடிந்த இரண்டாம் நாள் பிள்ளைகள் எண்ணிய தாள்களை மறுபடி பார்த்தபோது ஒரு பிழை கண்ணில் பட்டிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அறையில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"முழுக்கச் சரியில்லை" என்றேன். "வேற கல்லூரிக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போனவங்களையும் கீழே சேத்து எண்ணிட்டோம். அது தப்பு. பிள்ளைங்க தப்பு இல்லை, சரிபாக்க வேண்டியவ நான். திருத்தினா சதவீதம் கொஞ்சம் ஏறும். ஆனா அட்டையில் இருக்கற எண் வராது."

செயலாளரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆக, பொய்க் கணக்கு."

அப்போதுதான் முதல்வர் தேவ்தர் தொண்டையைச் செருமினார். அவர் ஒரு துண்டுச் சீட்டை வைத்திருந்தார்.

"நேத்து ராத்திரி சேர்க்கைப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நானே எண்ணினேன்" என்றார். "மாறிப் போனவங்களைக் கழிச்சுட்டுதான் எண்ணினேன். மேடம் சொல்றது சரி. அட்டையில இருக்கற எண் வராது."

வழக்கறிஞர் ஏதோ எழுதிக்கொண்டார். தேவ்தர் என்னையும் பார்க்கவில்லை, செயலாளரையும் பார்க்கவில்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில்

வெளியே வந்தபோது ஏழுமலை தூணருகில் நின்றிருந்தார். பூங்கோதை தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவரே பேசினார்.

"டீச்சர் மேலயே எழுதறியான்னு நான் சத்தம் போட்டேம்மா. அது கேக்கல. மன்னிச்சிடுங்க."

"ஐயா, மன்னிப்பு நான்தான் கேக்கணும். உங்க வேலையப் பத்தி நான் சொன்னது..."

"சொல்லிச்சி. பொண்ணு சொல்லிச்சி." கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "குண்டு வேணுமா வேணாமான்னு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. பத்தொம்பது வயசுல வேல கெடச்சிது, சேந்துட்டேன். எங்க செக்சன்ல ரெண்டு பேரு விபத்துல போயிட்டாங்க. எனக்கும் ராத்திரில சில நேரம் என்னென்னவோ தோணும். யார்கிட்ட சொல்றது?"

எத்தனை வகுப்புகள் நான் அந்த விஷயத்தைப் பேசியிருக்கிறேன். அதை உள்ளங்கையில் வைத்திருந்த ஒரு மனிதரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கூச்சத்தோடு பேச்சை மாற்றினார். "பொண்ணு பாஸ் ஆயிடுமாம்மா? அரை நாள் சுட்டி போட்டுட்டு வந்தேன். ரெண்டு மணிக்கு உள்ள போவணும்."

"நல்லா வருவா. அவளோட தாளை நான் திருத்தறதில்ல. திருத்தறவங்க சொல்றாங்க."

பிறகு நடந்தது

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. அந்த வரைபடம் சுவருக்குத் திரும்பவே இல்லை. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள், கூடவே 'இனி எச்சரிக்கையாக இருக்கவும்' என்று ஒரு வரி. என் நிரந்தர நியமனம் ஓராண்டு தள்ளிப்போனது. ஆனால் வந்தது. அதற்கான தாளில் தேவ்தர் கையெழுத்துப் போட்டது அவர் ஓய்வு பெற்ற மாதத்தில். அடுத்த ஆண்டுக் கையேட்டின் முன்னட்டையில் சதவீதம் இல்லை. ஒரு ரோஜாத் தோட்டத்தின் படம் இருந்தது. சரியான எண்ணைப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. தவறான எண்ணைப் போடவும் துணிச்சல் வரவில்லை. தேர்வுக்கு விடாமல் வெளியே அனுப்புவதும் மெல்லக் குறைந்தது. அது எங்களால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

அதன்பிறகு பத்தாண்டுக்கும் மேல் வகுப்பெடுத்தேன். வகுப்பில் குண்டு பேசவில்லை. பாடம் எங்கே இட்டுச்சென்றதோ, அங்கே போகப் பயப்படவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று எனக்குக் காட்டியவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஆண்டு, தேர்வுப் பணிக்காக நகரின் மறுகோடியில் இருக்கும் ஹடப்சர் போயிருந்தேன். மாலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது "மேடம்!" என்று ஒரு குரல். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, கையில் சாப்பாட்டு டப்பா. பூங்கோதை. அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் காப்பீட்டுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை என்றாள். அப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார், போபோடி வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்திருக்கிறார்கள், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

இத்தனை ஆண்டுகளாக எனக்குள் இருந்த ஒன்றை அன்று கேட்டுவிட்டேன்.

"ஏம்மா பூங்கோதை, அன்னிக்கு நேரா எங்கிட்டயே வந்து சொல்லியிருக்கலாமே? நான் கேட்டுருப்பேனே?"

அவள் சிரித்தாள்.

"சொல்லியிருக்கலாம் மேடம். ஆனா நீங்க ரொம்ப நல்லா பேசுவீங்க. ஒக்கார வெச்சி, டீ குடுத்து, பிரியமா நாலு வார்த்தை பேசி அனுப்பியிருப்பீங்க. நானும் சமாதானமாயி வந்திருப்பேன். அடுத்த நாளும் பாடம் நடந்திருக்காது."

அவள் சொன்னபடியேதான் நான் செய்திருப்பேன்.

"நல்லவேளை எழுதுனம்மா" என்றேன்.

அவளுடைய பஸ் வந்தது.